சரயேவோ படுகொலை: ஒரு கொலை உலகப்போராக மாறிய 37 நாட்கள்

1914 ஜூன் 28 ஞாயிற்றுக்கிழமை, பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவருடைய மனைவி சோபியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர் கவ்ரீலோ பிரின்சிப் என்ற 19 வயது மாணவர். இந்நிகழ்வு 'சரயேவோ படுகொலை' என்று அழைக்கப்படுகிறது. இது நடந்த 37 ஆம் நாளில், அதாவது ஆகஸ்டு 4 ஆம் தேதிக்குள், ஐரோப்பாவின் ஐந்து வல்லரசுகள் போரில் இறங்கியிருந்தன.

முதல் உலகப்போரின் 'உடனடிக் காரணம்' என்று பள்ளிப் பாடநூல்கள் இந்தக் கொலையைக் குறிப்பிடுகின்றன. அது சரியான விடைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால், ஓர் இளைஞனின் துப்பாக்கியே ஏறத்தாழ ஒரு கோடிப் படைவீரர்களைக் கொன்றது என்ற தவறான எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. கொலைக்கும் போருக்கும் இடையில் ஐந்து வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் யார் யார் என்னென்ன முடிவுகளை எடுத்தார்கள் என்பதில்தான் 'ஏன்' என்ற கேள்விக்கான விடை உள்ளது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொலைகள் எல்லாம் போரில் முடிந்தனவா?

முதலில் ஓர் ஒப்பீடு. 1914 க்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஆட்சித் தலைவர்கள் பலர் கொல்லப்பட்டனர். 1894 இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் ஓர் இத்தாலியரால் குத்திக் கொல்லப்பட்டார். 1898 இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் ஜெனீவாவில் மற்றோர் இத்தாலியரால் கொல்லப்பட்டார். 1900 இல் இத்தாலிய மன்னர் முதலாம் உம்பர்ட்டோவும், 1901 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லியும், 1908 இல் போர்ச்சுகல் மன்னர் முதலாம் கார்லோசும், 1913 இல் கிரேக்க மன்னர் முதலாம் ஜார்ஜும் கொல்லப்பட்டனர்.

இவற்றுள் ஒன்றுகூடப் போரில் முடியவில்லை. குறிப்பாகப் பேரரசி எலிசபெத்தின் கொலையை நினைத்துப் பார்க்க வேண்டும். கொல்லப்பட்டவர் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் மனைவி. கொன்றவர் அண்டை நாட்டுக்காரர். ஆனாலும் ஆஸ்திரியா இத்தாலியின் மீது படையெடுக்கவில்லை. அதைத் தனிமனிதன் செய்த குற்றமாகவே கருதிச் சட்டத்தின் கையில் விட்டது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பேரரசரின் தம்பி மகன் கொல்லப்பட்டபோது மட்டும் ஏன் உலகமே போர்க்களமானது? கொல்லப்பட்டவரின் பதவி மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. கொலை எந்தப் பகையின் நடுவே விழுந்தது, அதை யார் எதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பின்னணி: பொஸ்னியாவும் செர்பியாவும்

பொஸ்னியா-ஹெர்செகோவினா நீண்ட காலம் துருக்கிய உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1878 இல் நடந்த பெர்லின் மாநாடு, அப்பகுதியை நிர்வகிக்கும் உரிமையை ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு அளித்தது. 1908 அக்டோபரில் ஆஸ்திரியா அதைத் தன் பேரரசோடு முறைப்படி இணைத்துக்கொண்டது. பொஸ்னியாவில் செர்பியர், குரோவாசியர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று மக்களும் கலந்து வாழ்ந்தனர். செர்பியர் வாழும் பகுதிகள் அனைத்தையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்று கனவு கண்ட செர்பிய நாட்டுக்கு இந்த இணைப்பு பேரிடியாக இருந்தது.

செர்பியாவுக்குத் துணை நிற்க விரும்பிய உருசியா அப்போது போருக்கு ஆயத்தமாக இல்லை. 1905 இல்தான் அது ஜப்பானிடம் தோற்றிருந்தது. ஜெர்மனி ஆஸ்திரியாவின் பக்கம் உறுதியாக நின்றதால், 1909 மார்ச்சில் உருசியா பணிந்து போனது. இந்த அவமானத்தை உருசிய அரசு மறக்கவில்லை. இன்னொரு முறை பணிவதில்லை என்ற எண்ணம் அங்கு வேரூன்றியது.

1912, 1913 ஆண்டுகளில் நடந்த பால்கன் போர்களில் செர்பியா வெற்றி பெற்று, தன் நிலப்பரப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கிக்கொண்டது. பத்துக்கும் மேற்பட்ட தேசிய இனங்களைக் கொண்டிருந்த ஆஸ்திரியா-ஹங்கேரி அஞ்சியது. இந்தச் சிறிய நாடு வளர்ந்தால், தன் ஆட்சிக்குட்பட்ட தென் சிலாவிய மக்கள் அதன் பக்கம் சாய்வார்கள் என்று அது கருதியது. ஆஸ்திரியப் படைத் தலைமைத் தளபதி கான்ராட் 1913 ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட முறை செர்பியா மீது போர் தொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். போருக்கான விருப்பம் கொலைக்கு முன்பே வியன்னாவில் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இவற்றுக்கு மேலாக ஐரோப்பா இரு அணிகளாகப் பிரிந்திருந்தது. ஒருபுறம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவற்றின் முக்கூட்டு உடன்படிக்கை. மறுபுறம் பிரான்சும் உருசியாவும் 1894 முதல் படைக் கூட்டணியில் இருந்தன. பிரிட்டன் 1904 இல் பிரான்சோடும் 1907 இல் உருசியாவோடும் இணக்கம் கண்டிருந்தது.

கொல்லப்பட்டவர் யார்?

பிரான்ஸ் பெர்டினாண்ட் 1863 டிசம்பர் 18 அன்று பிறந்தவர். பேரரசரின் ஒரே மகன் ருடால்ப் 1889 இல் தற்கொலை செய்துகொண்டதால், அரியணை உரிமை பேரரசரின் தம்பி குடும்பத்துக்கு வந்தது. அரச குலத்தைச் சேராத சோபி சோடெக்கை அவர் காதலித்து மணந்தார். இத்திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை என்று 1900 ஜூன் 28 அன்று உறுதிமொழி அளித்த பிறகே திருமணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அரண்மனை விழாக்களில் சோபிக்குக் கணவருக்கு அருகில் இடம் தரப்படவில்லை. சரயேவோவில் இருவரும் ஒரே வண்டியில் அருகருகே அமர்ந்து சென்றனர்.

இளவரசர் முன்கோபக்காரர்; மக்களிடையே செல்வாக்குப் பெற்றவர் அல்லர். ஆனால் செர்பியாவுடன் போர் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். செர்பியாவைத் தாக்கினால் உருசியா வரும், இரு பேரரசுகளும் மோதினால் இரண்டுமே அழியும் என்பது அவர் கருத்து. கான்ராட்டின் போர்ப் பரிந்துரைகளை எதிர்த்து நின்றவர்களுள் அவர் முதன்மையானவர். ஆகவே அந்தக் கொலை போருக்கு ஒரு சாக்கைத் தந்ததோடு, போரைத் தடுக்கக்கூடிய ஒரு குரலையும் வியன்னாவிலிருந்து நீக்கிவிட்டது.

சதித் திட்டம்

பிரின்சிப், நெடெல்கோ சாப்ரினோவிச், திரிப்கோ கிராபேஸ் ஆகிய மூவரும் 'இளம் பொஸ்னியா' என்ற இளைஞர் இயக்கத்தைச் சார்ந்தவர்கள். ஆஸ்திரிய ஆட்சியிலிருந்து பொஸ்னியாவை விடுவித்துத் தென் சிலாவிய மக்களை ஒன்றிணைப்பதே அவர்களது நோக்கம். செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இருந்தபோது, இளவரசர் சரயேவோ வரப்போகும் செய்தியை அவர்கள் அறிந்தனர்.

அவர்களுக்குத் துப்பாக்கிகளும் குண்டுகளும் 'கருப்புக் கை' என்று அறியப்பட்ட இரகசிய அமைப்பின் வழியாகக் கிடைத்தன. இவ்வமைப்பின் முக்கியப் புள்ளியான டிராகுடின் டிமிட்ரியேவிச், செர்பியப் படையின் உளவுத் துறைத் தலைவராகவும் இருந்தார். செர்பியப் பிரதமர் நிக்கோலா பாசிச்சுக்கும் அவருக்கும் கடும் அரசியல் பகை இருந்தது. ஆகவே செர்பிய அரசின் ஒரு பகுதியினருக்குச் சதியில் பங்கு உண்டு. ஆனால் அந்த அரசே திட்டமிட்டுச் செய்த கொலை என்று சொல்ல இயலாது. இந்த வேறுபாடு முக்கியமானது. 1914 ஜூலையில் இதைப் பொறுமையாக விசாரித்திருந்தால் வரலாறு வேறு வழியில் சென்றிருக்கக்கூடும்.

1914 ஜூன் 28

ஜூன் 28 செர்பியருக்கு உணர்ச்சி மிகுந்த நாள். 1389 இல் நடந்த கொசோவோப் போரின் நினைவு நாள் அது. அந்நாளில் ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் ஊர்வலம் வருவது பலருக்கு அறைகூவலாகவே தோன்றியது. பொஸ்னியாவில் நடந்த படைப் பயிற்சிகளைப் பார்வையிட வந்த இளவரசர், அதன் நிறைவாக நகருக்கு வந்தார். பாதுகாப்பு ஏற்பாடுகள் மிகவும் குறைவாக இருந்தன.

மில்யாட்ஸ்கா ஆற்றங்கரைச் சாலையில் ஆறு இளைஞர்கள் ஆங்காங்கே நின்றிருந்தனர். முதலில் நின்ற முகமது மெகமெத்பாசிச் ஒன்றும் செய்யாமல் வண்டிகளைப் போகவிட்டார். அடுத்து நின்ற சாப்ரினோவிச் குண்டை வீசினார். அது இளவரசரின் வண்டியில் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த வண்டியின் கீழ் வெடித்தது. பலர் காயமடைந்தனர். சாப்ரினோவிச் நஞ்சை விழுங்கி ஆற்றில் குதித்தார். நஞ்சு வேலை செய்யவில்லை. கோடையில் ஆற்றில் தண்ணீரும் இல்லை. அவர் பிடிபட்டார்.

இளவரசர் நகர மண்டபத்துக்குச் சென்று, வரவேற்புரை வாசித்த மேயரிடம் கோபத்தைக் கொட்டினார். பின்னர், குண்டுவெடிப்பில் காயமடைந்தவர்களை மருத்துவமனைக்குச் சென்று பார்க்க விரும்பினார். அதற்காகப் பயணப் பாதை மாற்றப்பட்டது. ஆனால் அந்த மாற்றம் ஓட்டுநருக்குத் தெரிவிக்கப்படவில்லை. லத்தீன் பாலத்துக்கு எதிரே வண்டிகள் பழைய திட்டப்படி வலப்புறச் சாலையில் திரும்பின. வண்டியில் இருந்த பொஸ்னிய ஆளுநர் போட்டியோரெக் தவறைச் சுட்டிக்காட்ட, ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். வண்டி நின்ற இடத்துக்குச் சில அடி தொலைவில் பிரின்சிப் நின்றிருந்தார்.

இரண்டு குண்டுகள். ஒன்று இளவரசரின் கழுத்திலும் மற்றொன்று சோபியின் வயிற்றிலும் பாய்ந்தன. இரண்டாவது குண்டு ஆளுநருக்குக் குறிவைத்தது என்று பிரின்சிப் பின்னர் கூறினார். சிறிது நேரத்தில் இருவரும் உயிரிழந்தனர். அவர்களுடைய மூன்று பிள்ளைகள் ஒரே நாளில் தாய் தந்தையரை இழந்தனர்.

பிரின்சிப் அப்போது கடையில் சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதனால்தான் அங்கு நின்றார் என்ற கதை இணையத்தில் பரவலாகக் காணப்படுகிறது. அதற்குச் சான்று இல்லை. அறிவிக்கப்பட்ட பயணப் பாதை அவ்வழியே சென்றதால் அவர் அங்குக் காத்திருந்தார். மாணவர்கள் இக்கதையைத் தேர்விலோ கட்டுரையிலோ பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

வியன்னாவின் முடிவும் பெர்லினின் உறுதிமொழியும்

கொலைச் செய்தி ஐரோப்பாவை அதிர வைத்தது. ஆனால் அடுத்த நாளே பெரும்பாலோர் போரைப் பற்றி எண்ணவில்லை. பெரும்பாலான அரசுகள் ஆஸ்திரியாவிடம் அனுதாபம் காட்டின. இறுதிச் சடங்குக்கு வெளிநாட்டு மன்னர்கள் அழைக்கப்படவில்லை. அதனால் அவர்கள் நேரில் சந்தித்துப் பேசக்கூடிய ஒரு வாய்ப்பும் நழுவியது.

வியன்னாவில் கான்ராட்டும் வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்டும் இம்முறை செர்பியாவை ஒடுக்கியே தீர வேண்டும் என்றனர். ஹங்கேரியப் பிரதமர் திசா தொடக்கத்தில் எதிர்த்தார். உருசியா தலையிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் இருந்தது. ஆகவே ஜெர்மனியின் ஆதரவைக் கேட்க ஹோயோஸ் என்ற அதிகாரி ஜூலை 5 அன்று பெர்லின் சென்றார். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முழு ஆதரவையும் உறுதியளித்தார். மறுநாள் தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக் அதை உறுதிப்படுத்தினார். 'வெற்றுக் காசோலை' என்று வரலாற்றில் அழைக்கப்படுவது இதுதான். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலையைப் போல, ஆஸ்திரியா என்ன செய்தாலும் துணை நிற்போம் என்ற வாக்குறுதி அது. அதைக் கொடுத்துவிட்டு வில்ஹெல்ம் தன் வழக்கமான கடற்பயணத்துக்குப் புறப்பட்டார்.

கொலையை விசாரிக்கச் சரயேவோவுக்கு அனுப்பப்பட்ட ஆஸ்திரிய அதிகாரி வீஸ்னர், செர்பிய அரசுக்குக் கொலையில் தொடர்பு இருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை என்று ஜூலை 13 அன்று தந்தி அனுப்பினார். அந்தத் தந்தி வியன்னாவின் போக்கை மாற்றவில்லை. அதற்கு அடுத்த நாள் திசாவும் இணங்கிவிட்டார்.

இறுதி எச்சரிக்கை

பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவான்கரே ஜூலை 20 முதல் 23 வரை உருசியாவில் அரசு முறைப் பயணத்தில் இருந்தார். அவர் அங்கிருக்கும்போது செய்தி எட்டினால் பிரான்சும் உருசியாவும் உடனே கலந்து பேசிவிடும் என்பதால், அவர் கப்பல் ஏறும் வரை ஆஸ்திரியா காத்திருந்தது. ஜூலை 23 மாலை 6 மணிக்கு பெல்கிரேடில் இறுதி எச்சரிக்கை அளிக்கப்பட்டது. அதில் 10 கோரிக்கைகள்; பதிலளிக்க 48 மணி நேரம் மட்டுமே. செர்பியப் பிரதமர் தேர்தல் பரப்புரைக்காக வெளியூர் சென்றிருந்தார்.

செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளை நேரடியாகவோ சில மழுப்பல்களோடோ ஏற்றது. கொலைக்குத் துணைபோனவர்கள் பற்றிச் செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்க வேண்டும் என்ற ஆறாவது கோரிக்கையை மட்டும், தன் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று மறுத்தது. எஞ்சிய சிக்கலைப் பன்னாட்டு நடுவர் மன்றத்திடம் விடவும் ஆயத்தமாக இருப்பதாகத் தெரிவித்தது. ஜூலை 25 மாலை பதிலைப் பெற்றுக்கொண்ட ஆஸ்திரியத் தூதர், அது முழு ஏற்பு அல்ல என்று கூறி, அரை மணி நேரத்துக்குள் தொடர்வண்டி ஏறிவிட்டார்.

கடற்பயணத்திலிருந்து திரும்பிய வில்ஹெல்ம் ஜூலை 28 காலை செர்பியாவின் பதிலைப் படித்தார். போருக்கான காரணமே இனி இல்லை என்று எழுதினார். ஆஸ்திரியா வேண்டுமானால் பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு பேச்சு நடத்தலாம் என்று யோசனை சொன்னார். ஆனால் அதே நாளில் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்துவிட்டது. காசோலையில் தொகை நிரப்பப்பட்ட பிறகு, கையெழுத்திட்டவர் தயங்கிப் பயனில்லாமல் போயிற்று.

படைதிரட்டல் என்னும் பொறி

அதுவரை இது இரு நாடுகளின் போர். அதைக் கண்டப் போராக்கியது படைதிரட்டல். இலட்சக்கணக்கான வீரர்களை வீடுகளிலிருந்து அழைத்து, தொடர்வண்டிகளில் ஏற்றி, எல்லைக்குக் கொண்டு சேர்ப்பதே படைதிரட்டல். யார் முதலில் திரட்டி முடிக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி என்று எல்லாத் தளபதிகளும் நம்பினர். ஆகவே ஒருவர் தொடங்கினால் மற்றவர் காத்திருக்க முடியாது.

உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கோலசும் ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மும் உறவினர்கள். இருவரும் அந்நாட்களில் தந்திகள் பரிமாறிக்கொண்டனர். ஜூலை 29 அன்று முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் அளித்த நிக்கோலஸ், வில்ஹெல்மின் தந்தியைக் கண்டு அதை நிறுத்தினார். சிக்கலைத் தி ஹேக் நடுவர் மன்றத்திடம் விடலாம் என்றும் எழுதினார். மறுநாள் அமைச்சரும் தளபதிகளும் வற்புறுத்தியதால் மீண்டும் ஆணையிட்டார்.

ஜெர்மனியிடம் இருந்த போர்த் திட்டம் இன்னும் இறுக்கமானது. ஷ்லீபன் திட்டம் என்று பெயர் பெற்ற அது, முதலில் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து பிரான்சைச் சில வாரங்களில் வீழ்த்திவிட்டுப் பிறகு உருசியாவின் பக்கம் திரும்ப வேண்டும் என்றது. அதாவது, உருசியாவோடு சண்டை என்றாலும் முதல் அடி பிரான்சின் மீதே விழும். ஆகஸ்டு 1 அன்று, பிரிட்டனும் பிரான்சும் ஒதுங்கி நிற்கக்கூடும் என்ற தவறான செய்தி வந்தபோது, படைகளைக் கிழக்கே மட்டும் திருப்பும்படி வில்ஹெல்ம் கேட்டார். பல ஆண்டுகள் உழைத்து வகுத்த திட்டத்தை ஒரே இரவில் மாற்ற முடியாது என்று தலைமைத் தளபதி மோல்ட்கே மறுத்தார். மன்னருக்காக வகுத்த கால அட்டவணை, மன்னரையே கட்டிப்போட்டது.

நாள்வரிசை

ஜூன் 28: சரயேவோ படுகொலை.
ஜூலை 5, 6: ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனியின் முழு ஆதரவு.
ஜூலை 23: செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை.
ஜூலை 25: செர்பியாவின் பதில், தூதரக உறவு முறிவு.
ஜூலை 26: நான்கு நாடுகளின் மாநாட்டுக்குப் பிரிட்டன் அழைப்பு, ஜெர்மனி ஏற்கவில்லை.
ஜூலை 28: ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவிப்பு.
ஜூலை 30: உருசியாவில் முழுப் படைதிரட்டலுக்கு ஆணை.
ஆகஸ்டு 1: ஜெர்மனி உருசியா மீது போர் அறிவிப்பு.
ஆகஸ்டு 3: ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவிப்பு.
ஆகஸ்டு 4: ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைவு, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவிப்பு.
ஆகஸ்டு 6: ஆஸ்திரியா உருசியா மீது போர் அறிவிப்பு.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். சரயேவோவில் இழப்புக்கு ஆளான ஆஸ்திரியா, உருசியா மீது போர் அறிவித்தது கடைசியாகத்தான். அதற்குள் ஜெர்மானியப் படைகள் பெல்ஜிய மண்ணில் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. பெல்ஜியத்துக்கும் சரயேவோவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பார்களே, அதுதான் நடந்தது. முக்கூட்டு உடன்படிக்கையில் இருந்த இத்தாலியோ, இது தற்காப்புப் போர் அல்ல என்று கூறி நடுநிலை வகித்தது. கூட்டணியில் இருந்தால் போரில் இறங்கியே ஆக வேண்டும் என்பது கட்டாயமில்லை என்பதற்கு இத்தாலி ஓர் எடுத்துக்காட்டு.

மறக்கப்பட்ட இன்னொரு கொலை

அந்த 37 நாட்களில் இன்னோர் அரசியல் கொலையும் நடந்தது. பிரெஞ்சு சோசலிசத் தலைவர் ழான் ஜோரஸ், போரைத் தடுக்கப் பல நாட்டுத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்ட முயன்றவர். ஜூலை 31 இரவு பாரிசில் ஓர் உணவகத்தில் உண்டுகொண்டிருந்தபோது ராவுல் வில்லேன் என்ற தேசியவாத இளைஞர் அவரைச் சுட்டுக் கொன்றார். போர் முடிந்தபின் 1919 இல் நீதிமன்றம் வில்லேனை விடுதலை செய்தது. இளவரசரின் கொலைக்கு நீதி வேண்டும் என்று தொடங்கிய போரில், அமைதிக்காகப் பேசியவரைக் கொன்றவர் தண்டனையின்றிப் போனார்.

விளைவுகள்

போர் 1918 நவம்பர் 11 வரை நீடித்தது. படைவீரர்களில் மட்டும் ஏறத்தாழ 90 இலட்சம் முதல் 1 கோடிப் பேர் மாண்டனர். ஆஸ்திரியா-ஹங்கேரி, ஜெர்மனி, உருசியா, உதுமானியத் துருக்கி ஆகிய நான்கு பேரரசுகளும் வீழ்ந்தன. தன் பேரரசைக் காக்க ஆஸ்திரியா தொடங்கிய போர், அப்பேரரசையே வரைபடத்திலிருந்து நீக்கியது. செர்பியாவும் தன் மக்கள்தொகையில் பெரும்பங்கை இழந்தது.

இந்தியர்களின் கருத்தைக் கேளாமலே இந்தியாவும் பிரிட்டனோடு போரில் இணைக்கப்பட்டது. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். 70,000 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது. அந்நினைவாக உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு உள்ளது. தந்திரமும் துணிவும் மிக்க ஒருவரை 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்லும் வழக்கு அன்றிரவுதான் தமிழுக்கு வந்தது. சரயேவோவில் வெடித்த துப்பாக்கியின் ஒலி மூன்று மாதங்களுக்குள் நம் பேச்சுமொழி வரை எட்டியிருக்கிறது.

பிரின்சிப்புக்கு 20 வயது நிரம்பாததால் சட்டப்படி மரண தண்டனை விதிக்க முடியவில்லை; 20 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1918 ஏப்ரல் 28 அன்று தெரேசியன்ஸ்டாட் சிறையில் காசநோயால் இறந்தார். சதியில் பங்கேற்ற வாசோ சுப்ரிலோவிச் தப்பிப் பிழைத்து, பிற்காலத்தில் வரலாற்றுப் பேராசிரியராகி 1990 வரை வாழ்ந்தார்.

யார் பொறுப்பு?

1919 ஜூன் 28 அன்று, கொலை நடந்து சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைந்த நாளில், வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் 231 ஆம் பிரிவு போரின் பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. 1961 இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் பிரிட்ஸ் பிஷ்ஷர், ஜெர்மனியின் ஆதிக்க நோக்கமே முதன்மைக் காரணம் என்று வாதிட்டார். 2012 இல் கிறிஸ்டோபர் கிளார்க், எல்லா நாட்டுத் தலைவர்களும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போலப் போருக்குள் நடந்து சென்றனர் என்று எழுதினார். விவாதம் இன்னும் முடியவில்லை.

எப்பக்கம் சாய்ந்தாலும், பிரின்சிப்பின் துப்பாக்கியை மட்டும் காரணமாகக் காட்டும் வரலாற்றாசிரியர் எவரும் இல்லை. 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல' என்று ஒரு பழமொழி உண்டு. சரயேவோ முற்றிலும் அப்படியும் அன்று. பழம் பழுத்திருந்தது உண்மை. காக்கை உட்கார்ந்ததும் உண்மை. ஆனால் இடையில் ஐந்து வாரங்கள் பலர் கூடி மரத்தை உலுக்கினார்கள்.

முடிவுரை

ஓர் அரசியல் கொலை பெரும்போராக மாற மூன்று நிலைமைகள் ஒன்றுசேர வேண்டும் என்று சரயேவோ காட்டுகிறது. முதலாவது, முன்பே மூண்டிருக்கும் பகை. இரண்டாவது, ஒரு நாட்டின் சண்டைக்குள் பல நாடுகளை இழுத்துவிடும் கூட்டணிகளும் போர்த் திட்டங்களும். மூன்றாவது, கொலையை விசாரித்துத் தீர்க்க வேண்டிய குற்றமாகப் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வாய்ப்பாகப் பார்க்கும் தலைவர்கள். முதல் இரண்டும் 1908 இலும் 1912 இலும் இருந்தன; அப்போது பெரும்போர் வரவில்லை. 1914 இல் மூன்றாவதும் சேர்ந்துகொண்டது.

ஆகவே 'முதல் உலகப்போரின் உடனடிக் காரணம் யாது?' என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சரயேவோ படுகொலை என்று எழுதலாம். ஐந்து மதிப்பெண் வினா என்றால், ஜூன் 28 க்கும் ஆகஸ்டு 4 க்கும் இடையே நடந்தவற்றை எழுத வேண்டும். ஒரு கொலையை எப்போதும் தடுத்துவிட முடியாது. வீஸ்னரின் தந்தியும், செர்பியாவின் பதிலும், பிரிட்டனின் மாநாட்டு அழைப்பும், நிக்கோலஸ் சொன்ன நடுவர் மன்றமும் அந்த ஐந்து வாரங்களில் திறந்தே கிடந்த கதவுகள். அதிகாரத்தில் இருந்தவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள்.